ஆமைக்கு அடுப்பு மூட்டுற பேராண்டிக்கு

பேராண்டி, உன் சேதி அசகான் வரைக்கும் வந்து சேர்ந்துடுச்சு. ஆயர் குரோவிலே தாமான் வீடு, வீட்டுக்குள்ளே ஏர்கோன், ஏர்கோனுக்குக் கீழே கண்ணாடித் தொட்டி, தொட்டிக்குள்ளே ஆமை, ஆமை தலைக்கு மேலே ராத்திரி முழுக்க சிவப்பு பல்பு. உங்கம்மா போன்லே இதைச் சொன்னப்போ நான் சிரிக்கலைடா, சத்தியமா. வாயிலே வெத்தலை இருந்துச்சு.

ராத்திரிலே ஆமைக்குச் சூடும் வேணும், அது தூக்கமும் கெடக்கூடாது, என்ன வாங்கலாம் தாத்தான்னு கேட்டிருக்கே. இதை லண்டன்லேருந்து ஒருத்தன் கேட்டா நியாயம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துலேருந்து கேட்டாக்கூட நியாயம்தான், அங்கே ராத்திரிலே கம்பளி இல்லாம படுக்க முடியாது. நீ கேக்குறது மலாக்காவுலேருந்து. பூமத்திய ரேகைக்கு ரெண்டு டிகிரி தள்ளி உக்காந்துக்கிட்டு ஆமைக்கு அடுப்பு தேடுற முதல் தமிழன் நீயாத்தான் இருப்பே.

நம்ம ஊருலே பகல்லே 31, 32 டிகிரி. ராத்திரி எவ்வளவு இறங்கினாலும் பொதுவா 23, 24. அந்த 23-உம் விடியக்காலம், தோட்டத்துலே பெரட்டுக்கு மணி அடிக்கிற நேரத்துலே கொஞ்ச நேரம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போகும். அந்தக் குளுமையிலேதான் கித்தா மரம் பாலை நல்லா விடும், வெயில் ஏறினா பால் சுருங்கிப் போகும். அதுக்குத்தான் எங்களை இருட்டுலேயே எழுப்பி, தலையிலே விளக்கைக் கட்டி அனுப்பினாங்க. அந்தக் குளிருலே செத்த ஆமையை நான் பாத்ததில்லை. மண்டோர் போட்ட சத்தத்துலே பாதி செத்த மனுஷங்களை நிறைய பாத்திருக்கேன். சிமெண்டு வீட்டுக்குள்ளேயோ அந்த 23-உம் கிடையாது. பகல்லே குடிச்ச வெயிலைச் சுவரு ராத்திரி பூரா கக்கிக்கிட்டு இருக்கும். ஃபேன் ஓடுற ஹால்லே 26, 27-க்குக் கீழே இறங்குறதே அபூர்வம்.

அப்ப குளிர் எங்கேருந்து வந்துச்சு? உன் ரிமோட்டுலேருந்து. 18-லே அமுக்கிட்டு போர்வையை இழுத்து மூடுறே. ஒரு குதிரைசக்தி ஏர்கோன்னு கடைக்காரன் சொல்லி வித்தான். அந்தக் குதிரையை ஏவி விட்டு ஆமையை நடுங்க வைக்கிறே, அப்புறம் 100 வாட் பல்பை மாட்டி நடுக்கத்துக்கு மருந்து போடுறே. பல்பு சூடாக்கினதை ஏர்கோன் குளுத்த, ஏர்கோன் குளுத்தினதைப் பல்பு சூடாக்க, ரெண்டும் விடிய விடிய மல்லுக்கு நிக்குது. மீட்டரு மட்டும் ரெண்டு பக்கமும் கை தட்டிக்கிட்டே ஓடுது. 100 வாட் 12 மணி நேரம் எரிஞ்சா ராத்திரிக்கு 1.2 யூனிட், மாசத்துக்கு 36 யூனிட். ஏர்கோன் தின்னது தனிக் கணக்கு. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு உன் கொள்ளுப்பாட்டி சொல்லும். பாவம், வாயில்லாத ஜீவன் மேலே பழியைப் போட்டுட்டுப் போய்ச் சேர்ந்துட்டா கிழவி. அமீனாவைக் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வரப்போறது பல்புன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

அதனாலே முதல் யோசனை: ஆமையை அந்த அறையிலேருந்து தூக்கி ஹால்லே வை. அவ்வளவுதான். ஆனா நீ இதைக் கேக்க மாட்டே. காசு செலவில்லாத யோசனையை உங்க வயசுக்காரனுங்க யோசனையாவே எடுத்துக்கிறதில்லை. சரி, மேலே சொல்றேன்.

உன் ஆமை எந்த ஆமை? போட்டோவைப் பாத்துட்டு, மணல் நிறத்துலே இருக்கு, முதுகுலே நட்சத்திரக் கோடு இல்லை, சுல்காத்தா குஞ்சுன்னு உன் அக்கா சொல்றா. அவ செர்டாங்லே மிருக வைத்தியம் படிக்கிறா இல்லே, இந்தக் கடுதாசியிலே வர்ற புத்தியெல்லாம் அவளோடது. கேலிக்கு மட்டும் நான் பொறுப்பு.

நட்சத்திர ஆமையா இருந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன். உன் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்துலே ரஜூலா கப்பல் ஏறினாரு. 1926-லே ஓட ஆரம்பிச்ச கப்பல். தமிழனுங்களைச் சுமந்து சுமந்து 1973-லேதான் ஓய்ஞ்சது. மேல்தட்டுலே பாயை விரிச்சு, கடல் பூரா வாந்தி எடுத்துக்கிட்டு வந்தாரு மனுஷன். ஆனா கையிலே காயிதம் இருந்துச்சு. அதே தமிழ்நாட்டு முள்ளுக்காட்டுலே திரியுற நட்சத்திர ஆமை இன்னிக்கும் நம்ம நாட்டுக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கு, துணிப்பொட்டிக்குள்ளே, கால் ஆடாம டேப்பு சுத்தி, காயிதம் இல்லாம. கோலாலம்பூருக்குக் கிளம்பினதைச் சென்னை விமான நிலையத்துலே எத்தனையோ தடவை புடிச்சிருக்காங்க. 1972-லேயே இந்தியாவுலே வனவிலங்குச் சட்டம் வந்தாச்சு. 2019-லே உலக நாடுங்க ஜெனீவாவுலே கூடி, சைட்டிஸ் ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்லே ஏத்தி, காட்டு நட்சத்திர ஆமையை நாடு விட்டு நாடு விக்கிறதையே நிறுத்திட்டாங்க. இங்கேயும் 2010 வனவிலங்குச் சட்டம் இருக்கு, அதைப் பாத்துக்க வனவிலங்குத் துறை, பெர்ஹிலித்தான் இருக்கு. உன் சுல்காத்தாவுக்கும் காயிதம் இருக்கான்னு தேடிப் பாரு. "காயிதம் எதுக்கு பாஸ்"னு கடைக்காரன் சிரிச்சிருந்தா, ஆமை தூக்கத்தைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்லே உன் தூக்கத்துக்கு வழி தேடு.

சுல்காத்தாவைப் பத்தி இன்னொண்ணு. உள்ளங்கையிலே உக்காந்திருக்கேன்னு ஏமாந்துடாதே. கலாபகோஸ் ஆமை, அல்டாப்ரா ஆமை ரெண்டுக்கும் அடுத்தபடி உலகத்துலே பெரிய ஆமை அதுதான். அம்பது கிலோவைத் தாண்டுற கடாவும் உண்டு. நீ வாங்கி வச்சிருக்கிற கண்ணாடித் தொட்டி அதுக்குப் பின்னாடி சாப்பாட்டுத் தட்டா ஆகும். மாலி, சாட், சூடான்னு ஆப்பிரிக்காவுலே பாலைவனத்து ஓரம் அதோட ஊரு. பகல்லே வெயில் தாங்காமலும் ராத்திரி பத்திரத்துக்கும் மண்ணைத் தோண்டி உள்ளே போய்ப் படுத்துக்கும். உள்ளே கும்மிருட்டு. அந்தப் பொந்துலே எவனும் சிவப்பு பல்பு மாட்டி வைக்கலை.

ஆமை உடம்பு நம்மளை மாதிரி உள்ளேயே சூடு போட்டுக்காது. காலையிலே வெயில்லே படுத்து உடம்பைக் காய வச்சாத்தான் தீனி செரிக்கும், கால் நடக்கும். பொழுது சாஞ்சா வெளிச்சமும் போகும், சூடும் கொஞ்சம் இறங்கும், உடம்பும் மெதுவாகும். பகலும் ராத்திரியும் வேற வேறன்னு அதுக்குத் தெரியிறதே இப்படித்தான். நீ ராத்திரி 12 மணிக்கும் உச்சிவெயில் சூட்டைக் கொடுத்தா அதுக்குக் கணக்கு குழம்பிடும். நேரக்கணக்கு ஆமைக்குச் சூரியன்கிட்டதான். 1982-லே அரசாங்கம் எல்லார் கடிகாரத்தையும் அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சப்ப லயத்துலே ஒரு மாசம் ஒரே குழப்பம். சேவலும் ஆமையும் மட்டும் கண்டுக்கவே இல்லை.

இப்ப அந்தச் சிவப்பு பல்பு. "சிவப்பு வெளிச்சம் ஆமை கண்ணுக்குத் தெரியாது"ன்னு சொல்லித்தானே உன் தலையிலே கட்டினான்? வித்தவன் கண்ணுக்கு உன் பர்ஸு நல்லாத் தெரிஞ்சிருக்கு. மனுஷன் கண்ணுலே நிறம் பிரிச்சுப் பாக்குற செல்லு மூணு வகை. ஆமை இனத்துக்கு நாலு வகை. சிவப்பு அதுக்குப் பளிச்சுன்னு தெரியும், நமக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் அது பாக்கும். நீ மாட்டியிருக்கிறது அதுக்கு ராத்திரி பூரா எரியுற கடைத்தெரு விளக்கு. நீலப் பல்பு, "நிலா வெளிச்சம்"னு எழுதி விக்கிற பல்பு, எல்லாம் அதே குடும்பம்தான். கோழிக்குஞ்சுக்கு நாம அட்டைப் பொட்டியிலே பல்பு போட்டு வளக்கலையான்னு நீ கேப்பே. கோழிப் பண்ணைக்காரன் பல்பு போடுறது குஞ்சு குளுராம இருக்கவும்தான், தூங்காம தின்னுக்கிட்டே இருக்கவும்தான். அவனுக்கு எடை வேணும். உனக்கு என்னடா வேணும்?

வெளிச்சம் ஆமைக்கு ஆகாதுங்கிறதை நீ லண்டன்லே போய்ப் படிக்க வேணாம். ஆயர் குரோவுலேருந்து காரை எடுத்தா மஸ்ஜித் தானா பக்கம் பெங்காலான் பாலாக் கடற்கரை. அங்கே பாடாங் கெமுந்திங்லே மீன்வளத்துறை ஆமைக் காப்பகம் வச்சிருக்கு. தீபகற்ப மலேசியாவுலே அழுங்காமை அதிகமா முட்டையிடுறது நம்ம மலாக்கா கரையிலேதான். தாய் ஆமை இருட்டான மணலைத் தேடித்தான் கரை ஏறும். பொரிச்ச குஞ்சு வெளிச்சம் தெரியிற பக்கம்தான் கடல்னு நம்பி ஓடும். கரையிலே ஹோட்டல் விளக்கு எரிஞ்சா அது கடலை விட்டுட்டு ரோட்டைப் பாத்து ஊர்ந்துடும். கடலாமை வேற, உன் வீட்டுத் தரையாமை வேறதான், ஒத்துக்கிறேன். ஆனா கண்ணுன்னு ஒண்ணு ரெண்டுக்கும் இருக்கு. வெறும் சூடும் சின்ன விஷயமில்லை. மணல் சூடு கூடினா பொட்டைக் குஞ்சு, கொறைஞ்சா ஆண் குஞ்சுன்னு முட்டைக்குள்ளேயே அது தீர்மானம் பண்ணிடும். அப்படிப்பட்ட சமாசாரத்தை நீ பாசார் மாலம் பல்பை வச்சு நடத்தப் பாக்குறே.

சரி, உண்மையிலேயே சூடு தேவைப்படுற ஆளுங்க இருக்காங்க. கேமரன் மலையிலே இருக்கிற உன் சித்தப்பன் மவன் கேட்டா இதைச் சொல்லு. குஞ்சு ஆமைக்குச் சளி புடிச்சு மூக்கு ஒழுகுதுன்னு டாக்டர் சூடு கொடுக்கச் சொன்னாலும் இதுதான். பீங்கான்லே செஞ்ச செராமிக் ஹீட்டர்னு ஒண்ணு இருக்கு. பல்பு மாதிரியே மரை போட்டுத் திருகி மாட்டுறது, ஆனா துளி வெளிச்சம் வராது, சூடு மட்டும் கீழே இறங்கும். ஆமைக்கு இருட்டு இருட்டாவே இருக்கும். ஆனா அது சும்மா இல்லை, தொட்டா கை வெந்துடும். பிளாஸ்டிக் ஹோல்டர்லே மாட்டினே, உருகி ஊத்தும், அப்புறம் தீயணைப்பு வண்டிக்காரன்தான் உனக்கு யோசனை சொல்லணும். பீங்கான் ஹோல்டர் வாங்கு, சுத்தி கம்பிக்கூடு போடு, ஆமை ஓட்டுக்கு மேலே குறைஞ்சது ஒரு அடி தள்ளித் தொங்க விடு. பொட்டியோட ஒரு கோடியிலே மட்டும். சூடு வேணும்னா அங்கே வரட்டும், வேணாம்னா எதிர்க் கோடிக்குப் போகட்டும். நடுவுலே மாட்டிட்டா பாவம், அதுக்குப் போக்கிடம் இல்லை.

தெர்மோஸ்டாட் இல்லாம அதை மாட்டவே மாட்டாதே. குஞ்சுக்கு 25, 26 டிகிரிக்குக் கீழே போனா எரியட்டும், மேலே போனா அணையட்டும். வளந்த ஆமை, இடம் காய்ஞ்சு இருந்தா, அதைவிடக் குளிரையும் சமாளிச்சுக்கும். அது தாங்காதது குளிரும் ஈரமும் கூட்டு சேர்ந்தாத்தான். சாயங்கால மழையிலே நனைஞ்ச ஆமையை அப்படியே குளுந்த அறையிலே விட்டா மறுநாள் மூக்குலே முட்டை முட்டையா நுரை வரும், வாயைத் திறந்து மூச்சு விடும். துடைச்சு, காய வச்சு, அப்புறம் படுக்க விடு. தெர்மோமீட்டரைச் சுவத்துலே மாட்டிட்டு அழகு பாக்காதே. ஆமை படுக்கிற இடத்துலே, அது ஓட்டு உயரத்துலே வை. பாக்குற நேரம் விடியக்காலம் அஞ்சு. நீ எழுந்திரிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். ராத்திரியிலே எவ்வளவு இறங்குச்சு, எவ்வளவு ஏறுச்சுன்னு ஞாபகம் வச்சிருக்கிற தெர்மோமீட்டர் விக்குது, அதை வாங்கு. உன்னாலே முடியாததை அது செய்யும்.

அடியிலே போடுற சூட்டு மெத்தையும், கரண்டுலே கொதிக்கிற கல்லும் வேணவே வேணாம். சூடு மேலேருந்து வரும், மண்ணுக்குள்ளே போனா குளுமைன்னுதான் ஆமைக்குத் தெரியும். அடியிலே சூடு போட்டா, தப்பிக்கிறதா நெனைச்சு அது இன்னும் தோண்டும், நேரா அடுப்பு மேலேயே வயித்தை வச்சுப் படுக்கும். வயிறு வெந்தப்புறம்தான் நமக்குத் தெரியும்.

சூடு மட்டுமில்லை, காத்துலே இருக்கிற ஈரத்தையும் பாக்கணும். வியன்னா மிருக வைத்தியப் பல்கலைக்கழகத்துலே இதே சுல்காத்தா குஞ்சுங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2003-லே எழுதியிருக்காங்க. முதுகு ஓடு மேடு மேடா, கோபுரம் கோபுரமா வளர்றதுக்குக் காரணம் தீனியிலே புரதம் கூடிப்போறதுன்னு எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இவங்க பாத்ததுலே புரதத்துக்குப் பெரிய பங்கு இல்லை, காத்துலே ஈரம் கொறைஞ்ச இடத்துலே வளந்ததுக்குத்தான் முதுகு கோணிப் போச்சு. ஏர்கோன் காத்துலே இருக்கிற ஈரத்தை உறிஞ்சி வெளியே சொட்ட விடுது, மிச்சத்தைப் பல்பு காய வைக்குது. மலாக்காக் காத்துலே இலவசமா மிதக்குற ஈரத்தைக் கரண்டு செலவு பண்ணித் துரத்திட்டு, அப்புறம் ஆமைக்குத் தண்ணி தெளிக்க மெஷின் வாங்குவே. ஷாப்பியிலே அதையும் ஏற்கெனவே பாத்து வச்சிருப்பியே, மறைக்காதே.

நம்ம காட்டு ஆமை ஒண்ணு இருக்கு தெரியுமா? ஆசியாவுலேயே பெரிய தரையாமை, இந்த நாட்டு மலைக்காட்டுலே இருக்கிறது. அதுக்குக் குளுமையும் ஈரமும்தான் புடிக்கும், வெயில்லே காய்ஞ்சா தவிச்சுப் போகும். பொட்டை ஆமை காய்ஞ்ச இலையைக் கூட்டிக் கூட்டிக் குவிச்சு, அதுக்குள்ளே முட்டையிட்டு, சில நாள் பக்கத்துலேயே காவலும் இருக்கும். தரையாமையிலே இப்படிக் காவல் இருக்கிறது அபூர்வமாம், உன் அக்கா சொன்னா. அதுக்குப் போய் உன் பல்பை மாட்டினா அது கடிச்சே வச்சிடும், நான் அதோட பக்கம்தான் நிப்பேன்.

உன் சுல்காத்தாவுக்கு ஹால்லே படுக்கை எப்படிப் போடணும்னா, பலகைப் பொட்டி ஒண்ணு, கண்ணாடி வேணாம். கண்ணாடியிலே வெளியே தெரியிறதைப் பாத்துட்டுச் சுவருன்னே புரியாம முட்டிக்கிட்டே இருக்கும். ஒரு மூலையிலே இருட்டான சின்ன அறை, அது உடம்பு நுழையுற அளவுக்கு மட்டும். உள்ளே காய்ஞ்ச புல்லு. லாலாங் அறுத்துக் காய வச்சாப் போதும், மருந்தடிச்ச செம்பனைக் காட்டுப் பக்கம் அறுக்காதே. குஞ்சா இருக்கிறவரைக்கும் அந்த மூலையிலே கொஞ்சம் ஈரமண் இருக்கட்டும், சூடான இடத்து ஈரம் அதுக்குக் கெடுதி பண்ணாது. பொட்டிக்கு மேலே கம்பி வலை கட்டாயம். தூங்குற ஆமையோட காலை எலி கடிச்சிட்டுப் போயிடும், அது கத்தவும் கத்தாது. காவல் இல்லாம வெளியே முத்தத்துலே விட்டா உடும்புக்கும் நாய்க்கும் நீயே விருந்து வச்ச மாதிரி. பகல் விளக்கை, புற ஊதாக் கதிர் டியூப் இருந்தா அதையும் சேத்துத்தான், டைமர்லே போட்டு ராத்திரி ஏழுக்கு அணைச்சிடு. காலையிலே ஏழுக்கு வரட்டும். நம்ம ஊருலே வருஷம் பூரா பகலும் ராத்திரியும் பாதிப் பாதிதான். நேரா வெயில்லே ஒரு மணி நேரம் விட்டா டியூபுக்கே வேலை இல்லை, நிழல் மட்டும் பக்கத்துலே இருக்கணும்.

கடைசியா உன் கையைப் பத்தி. ராத்திரி 11 மணிக்கு ஆமை சில்லுன்னு இருக்கான்னு தூக்கித் தூக்கித் தொட்டுப் பாக்குறியாமே. ஹேன்ட்போன் லைட்டை மூஞ்சிலே அடிச்சு, டிக்டாக்குலே "குட்நைட் சொல்றார் நம்ம ஆமையார்"னு போடுறியாமே. ஆமையாரு குட்நைட் சொல்லலைடா, அதுக்குத் தெரிஞ்ச கெட்ட வார்த்தையைச் சொன்னாரு. உன்னையும் அப்படித் தூக்கிப் போட்டு, கண்ணுலே டார்ச்சு அடிச்சு, தூங்கினியான்னு கேட்டா எந்தப் பாஷையிலே பதில் சொல்லுவே? ஐம்பொறியை ஆமை மாதிரி அடக்குன்னு வள்ளுவர் சொன்னதை உங்களுக்குப் பள்ளிக்கூடத்துலே சொல்லிக் கொடுத்தாங்க. நீ அந்த ஆமையையே அடங்க விட மாட்டேங்கிறே.

எல்லாத்துக்கும் மேலே, ஏர்கோனை 26-லே வை. உன் பொண்டாட்டியும் அதைத்தான் சொல்றாளாம். அவ சொல்லி நீ கேக்கலைன்னுதான் ஆமைக்கு நடுங்குதுன்னு ஒரு காரணத்தைக் கிளப்பி விட்டாளோ என்னமோ, எனக்கு அவ மேலே ஒரு சந்தேகம் உண்டு, கெட்டிக்காரி.

அந்தச் சிவப்பு பல்பை மட்டும் தூக்கிப் போட்டுடாதே. வர்ற ஞாயித்துக்கிழமை வரும்போது ஹோல்டரோட கழட்டிக் கொண்டா. இங்கே என் கோழி குஞ்சு பொரிச்சிருக்கு. அதுங்க தூங்காம தின்னு சீக்கிரம் பெருத்தாத்தான் தீபாவளிக்கு உனக்கே குழம்பு.